மாதம் மூன்று முறை பறக்க வேண்டும்: எந்த ஏர்லைன், எந்த ஏர்போர்ட்?

புதுப்பயணி:

வணக்கம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை விமானம் ஏறிக்கொண்டிருந்தவன், வேலை மாறியதில் இனி மாதம் மூன்று முறை போக வேண்டும் என்றாகிவிட்டது. போகப்போவது நான்கைந்து ஊர்கள்தான், அதில் இரண்டு வெளிநாடு, ஒன்று எட்டு மணி நேரப் பயணம். காலையில் போய், இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் இரவு வீடு திரும்புவது மாதிரி இருக்கும்.

என் சிக்கல் இதுதான். வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு சின்ன ஏர்போர்ட் இருக்கிறது. அங்கிருந்து எங்கே போனாலும் நடுவில் ஓர் இடத்தில் விமானம் மாறியாக வேண்டும். பெரிய ஏர்போர்ட் ஒன்றரை மணி நேரத் தூரம், நெரிசல் இருந்தால் இரண்டும் ஆகும், ஆனால் முக்கால்வாசி ஊர்களுக்கு நேரடி ஃப்ளைட் உண்டு. ஆபீஸில் அடிக்கடி பறக்கிற ஒருவர் "ஏர்போர்ட்டை விடு, ஒரே ஏர்லைனைப் பிடித்துக்கொண்டு கோல்டு கார்டு வாங்கு, மற்றதெல்லாம் தானாக வரும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் (அடிக்கடி பறப்பவருக்கு ஏர்லைன் தரும் சலுகை அட்டையைச் சொல்கிறார்). அப்படியா? முதலில் எதைப் பார்த்து முடிவு செய்வது, ஏர்லைனா, ஏர்போர்ட்டா?

பழைய பாஸ்போர்ட்:

இரண்டும் இல்லை, முதலில் கால அட்டவணையைப் பாருங்கள். நீங்கள் அடிக்கடி போகும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை ஃப்ளைட் இருக்கிறது, உங்களுடையது ரத்தானால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஊருக்கு நல்ல சீட், அன்பான பணிப்பெண்கள், எல்லாம் சரியாக இருந்த ஓர் ஏர்லைனில்தான் மூன்று வருடம் போய்க்கொண்டிருந்தேன். தினமும் ஒரே ஒரு ஃப்ளைட். ஒரு நாள் இன்ஜின் கோளாறு என்று ரத்து செய்தார்கள், மறுநாள் விமானம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது, எனக்கு இடம் கிடைத்தது அதற்கும் மறுநாள். எந்தக் கூட்டத்துக்காகப் போனேனோ அதை ஏர்போர்ட் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து போனில் பேசி முடித்தேன். அதே ஊருக்கு, சீட் கொஞ்சம் இடுக்கமான இன்னொரு கம்பெனி ஒரு நாளைக்கு ஐந்து தடவை பறந்துகொண்டிருந்தது! இப்போதெல்லாம் அதில்தான் போகிறேன், முட்டி இடித்தாலும் பரவாயில்லை.

அப்புறம், காலை முதல் ஃப்ளைட்டைப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த விமானம் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். மதியத்துக்கு மேல் போகிற விமானம் அன்று நாலு இடம் போய்வந்த விமானம், காலையில் எங்கோ விழுந்த அரை மணி நேரத் தாமதம் சாயங்காலம் உங்கள் தலையில் இரண்டு மணி நேரமாக வந்து விழும். முக்கியமான வேலைக்குப் போகும்போது அன்றைய கடைசி ஃப்ளைட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஏர்போர்ட்டுகளுக்கும் தனி விதிகள் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை வழக்கமான விமானங்கள் பறக்கத் தடை, 10.40-க்கு இருக்கிற ஃப்ளைட் தாமதமானால் தனி அனுமதி கிடைத்தால்தான் கிளம்பும், இல்லையென்றால் இரவு அங்கேதான். லண்டன் சிட்டி ஏர்போர்ட் நகரத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது என்று ஆசைப்பட்டு சனிக்கிழமை சாயங்காலம் திரும்பலாம் என்று திட்டம் போட்டால் நடக்காது, சனி மதியத்திலிருந்து ஞாயிறு மதியம்வரை மூடியிருக்கும்.

உங்கள் கணக்குக்கு என் ஓட்டு பெரிய ஏர்போர்ட்டுக்கு.

டிக்கெட் மேசை:

நிறுவனங்களுக்கு டிக்கெட் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், மேலே சொன்னதில் பெரும்பாலானது சரி, ஆனால் சின்ன ஏர்போர்ட்டை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். நடுவில் மாறுவது ஆபத்து என்று சொல்வதைவிட எங்கே மாறுகிறோம், எப்படி டிக்கெட் போட்டோம் என்று கேட்பதுதான் சரி.

ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதாவது ஒரு விமானம் இறங்கி அடுத்தது கிளம்பும்வரை குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்ற கணக்கு, அதற்குக் கீழே உள்ள இணைப்பை முன்பதிவு மென்பொருள் ஒரே டிக்கெட்டாக விற்காது. வியன்னாவில் 25 நிமிடம் போதும் என்று பெருமையாகவே விளம்பரம் செய்வார்கள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால் சாத்தியம். லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாவது டெர்மினலில் இறங்கி மூன்றாவதில் ஏற வேண்டுமென்றால் பஸ், மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று இழுக்கும். மென்பொருள் விற்றுவிட்டது என்பதற்காக அந்த நேரம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அது எல்லாம் சரியாக நடந்தால் என்ற கணக்கு. நான் என் ஆட்களுக்கு அதன் மேல் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத்தான் போடுவேன்.

எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கி நீங்களே ஒட்டவைக்கும் பயணம் வேண்டவே வேண்டாம். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனியின் கண்ணில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். பெட்டியும் கடைசி ஊர்வரை தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. ஐரோப்பாவின் 261-ஆம் எண் விதி (2004-இல் வந்தது) மாதிரியான பாதுகாப்பும் ஒரே முன்பதிவாக இருந்தால்தான் முழுப் பயணத்துக்கும் பொருந்தும். இணைப்பைத் தவறவிட்டு கடைசி ஊருக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனாலும் இழப்பீடு கேட்கலாம், வானிலை போன்ற காரணமாக இல்லாவிட்டால். ஆனால் ஒரு நெளிவு இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் அது பொருந்தும், வெளியிலிருந்து உள்ளே போகும்போது ஐரோப்பிய ஒன்றியத்து ஏர்லைனாக இருந்தால்தான்.

மாறும் நாட்டின் குடியேற்ற விதியையும் பாருங்கள். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் விசாவோ முன்அனுமதியோ வேண்டும், வரிசையில் நின்று உள்ளே நுழைந்து, பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து மறுபடி போட்டுத்தான் வெளியே போக முடியும். இதைத் தெரியாமல் ஒன்றரை மணி நேர இணைப்பு போட்டுக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சன்னலோர சீட்:

கார்டு விஷயத்துக்கு நான் வருகிறேன், உங்கள் ஆபீஸ்காரர் சொல்வதில் பாதி உண்மை.

கார்டு உண்மையில் உதவுவது எல்லாம் கெட்டுப்போன நாளில்தான். ஃப்ளைட் ரத்தாகி முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது உங்களுக்குத் தனி கவுன்டர், தனி போன் எண், காத்திருப்போர் பட்டியலில் முன்னிடம். லவுஞ்ச் எல்லாம் நான்கு தடவை போனால் அலுத்துவிடும், அங்கேயும் இப்போது உட்கார இடமில்லை என்பது வேறு கதை.

ஏர்லைனைவிடக் கூட்டணியை, அதாவது பல ஏர்லைன்கள் சேர்ந்து சலுகைகளைப் பகிர்ந்துகொள்ளும் குழுவை, தேர்ந்தெடுங்கள். ஸ்டார் அலையன்ஸ் 1997-இல், ஒன்வேர்ல்டு 1999-இல், ஸ்கைடீம் 2000-இல் வந்தவை. ஒரு கூட்டணிக்குள் எந்த உறுப்பினரில் பறந்தாலும் பொதுவாக மைல்களை (பறப்பதற்குக் கிடைக்கும் புள்ளிகளை) ஒரே கணக்கில் சேர்க்கலாம், அது நீங்கள் அதிகம் பறக்கும் ஏர்லைனின் கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. சொல்லப்போனால் வேறாக இருப்பது சில நேரம் நல்லது. ஸ்டார் அலையன்ஸில் இருக்கும் அமெரிக்க ஏர்லைன் யுனைடெடின் சொந்த கோல்டு உறுப்பினருக்கு அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் அவர்களுடைய லவுஞ்ச் கிடையாது, அதே கூட்டணியில் வெளிநாட்டு ஏர்லைன் ஒன்றின் கோல்டு கார்டு வைத்திருப்பவர் அதே ஃப்ளைட்டுக்கு உள்ளே போய் உட்காருவார்! எமிரேட்ஸ், எதிஹாட் மாதிரி எந்தக் கூட்டணியிலும் இல்லாதவையும் உண்டு, அவற்றில்தான் உங்கள் பயணம் அதிகம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும்.

இப்போது கெட்ட செய்தி. எத்தனை மைல் பறந்தோம் என்பதை விட்டு எவ்வளவு செலவு செய்தோம் என்று பார்க்கும் ஏர்லைன்கள் கூடிக்கொண்டே போகின்றன. அமெரிக்காவின் டெல்டா 2024-லிருந்து கார்டுத் தகுதிக்குச் செலவை மட்டும்தான் பார்க்கிறது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் அந்தப் பக்கம் போனது. மலிவு டிக்கெட்டில் நாற்பது தடவை பறப்பவரைவிட பிசினஸ் வகுப்பில் ஐந்து தடவை பறப்பவர் முன்னால் போய்விடுவார். அதனால் உங்கள் டிக்கெட்டில் வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், டிக்கெட் எந்த விலைப்படியில் வாங்கியது என்பதைக் காட்டுவது, அதைப் பாருங்கள். எக்கானமிக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் உண்டு, கீழே உள்ளவற்றுக்குக் கூட்டணித் திட்டங்களில் கால் பங்கு மைல் கிடைத்தால் அதிகம், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது.

இன்னொன்று, கூட்டணி ஒன்றும் கல்யாண பந்தம் இல்லை. ஸ்காண்டிநேவிய ஏர்லைனான எஸ்ஏஎஸ் ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்து கம்பெனிகளில் ஒன்று, 2024-இல் ஸ்கைடீமுக்குப் போய்விட்டது. மைல்களை வருடக்கணக்கில் பூட்டி வைக்காமல் அவ்வப்போது செலவழித்துவிடுங்கள்.

நடுவரிசை:

எல்லோரும் விமானத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மனுஷன் மாதம் மூன்று தடவை இரவு பதினொன்றரைக்கு இறங்கி ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமே, அதை யார் கணக்கில் எடுப்பது? நான் இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன். ஒரு நாள் கண் சொருகி வண்டி ஓரத்து மேட்டில் ஏறியது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே சின்ன ஏர்போர்ட்டுக்கு மாறினேன். சின்ன ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனை பத்து நிமிடம், பெரியதில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள் வரிசையை. வாசலிலிருந்து வாசல்வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டினால் நேரடி ஃப்ளைட்டின் லாபம் பல ஊர்களுக்கு அரை மணி நேரம்கூட வராது.

புதுப்பயணி:

அனைவருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தாளில் எழுதிப் பார்த்தேன். நான் அதிகம் போகும் இரண்டு ஊர்களுக்குப் பெரிய ஏர்போர்ட்டிலிருந்து நாளுக்கு ஆறு, நான்கு ஃப்ளைட். சின்னதிலிருந்து மாறும் இடத்துக்கு நாளுக்கு மூன்று. எட்டு மணி நேர ஊருக்குப் பெரியதிலிருந்து நேரடி வாரம் நான்கு நாள்தான், இதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஆபீஸ் பயணப் பிரிவு இருப்பதிலேயே மலிவானதைத்தான் போடுகிறது, போன மாத டிக்கெட்டைப் பார்த்தேன், அடிமட்டத்து எழுத்துதான்! இரண்டாவது, காலையில் பெரிய ஏர்போர்ட்டிலிருந்து போய், இரவு சின்னதற்குத் திரும்பி வர முடியாதா?

நடுவரிசை:

தாராளமாக. வண்டி எங்கே நிற்கும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், ஹிஹி.

டிக்கெட் மேசை:

சிரிக்க வேண்டாம், அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போகும்போது ரயிலோ டாக்ஸியோ பிடித்துவிட்டால் வண்டிப் பிரச்சினையே இல்லை. ஒரே டிக்கெட்டில் கிளம்பும் இடம் ஒன்றும் திரும்பும் இடம் வேறொன்றுமாகப் போடச் சொல்லுங்கள், வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அப்படிப் போட்ட பிறகு எந்தப் பகுதியையும் சொல்லாமல் தவிர்க்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி எல்லாம் பொதுவாகத் தானாக ரத்தாகிவிடும், திரும்பும் நாளில் கவுன்டரில் நின்று வாதாடி அநேகமாகப் பயன் இருக்காது.

பயணப் பிரிவு விஷயம். "மலிவானது" என்று அவர்கள் சொன்னாலும் பல நிறுவனங்களின் விதியில் அதற்கு ஒரு நேர இடைவெளி இருக்கும், நீங்கள் கேட்ட நேரத்துக்கு முன்னும் பின்னும் இத்தனை மணி நேரத்துக்குள் மலிவானது, இத்தனை விமான மாற்றங்களுக்குள் மலிவானது என்று. அந்த விதியை வாங்கிப் படியுங்கள். காலை 6.30 வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால் அதை ஒட்டித்தான் தேட வேண்டியிருக்கும், வெறுமனே செவ்வாய்க்கிழமை என்று கேட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு மதியம் போடுவார்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட் வேண்டுமென்றால் கார்டு, மைல் என்று பேசாதீர்கள். போன ஆறு மாதத்தில் கூட்டம் தள்ளிப்போய் வீணான டிக்கெட் எத்தனை என்று கணக்குக் காட்டினால் அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

பழைய பாஸ்போர்ட்:

நடுவரிசை சொன்னதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஏர்போர்ட் ரயில் உண்டு, அதனால் இரவு வண்டி ஓட்டும் கஷ்டம் தெரியவில்லை. அப்படியென்றால் என் ஓட்டைப் பாதி மாற்றுகிறேன். ஆறு ஃப்ளைட், நான்கு ஃப்ளைட் இருக்கிற அந்த இரண்டு ஊருக்குப் பெரியதிலிருந்தே போங்கள், திரும்பும்போது நள்ளிரவு ஆகுமென்றால் பக்கத்திலேயே படுத்துவிட்டுக் காலையில் வாருங்கள், ஆபீஸ் ஒத்துக்கொண்டால். எட்டு மணி நேர ஊருக்கு வாரம் நான்கு நாள் நேரடியை நம்பி உங்கள் வேலையை அமைக்காதீர்கள், அதற்கு நாள்தோறும் இரண்டு மூன்று தடவை பறக்கிற ஒரு ஹப் (பலரும் விமானம் மாறும் பெரிய ஏர்போர்ட்) வழியாகச் சின்னதிலிருந்தே போகலாம்.

நீண்ட பயணத்துக்கு இன்னொன்று, இரண்டு ஏர்லைன் சமமாக வந்தால் விமான வகையைப் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள், பழைய விமானங்களில் 8,000 அடிவரை போகும். இறங்கின அன்றே கூட்டத்துக்குப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் தலைவலியில் தெரியும், எனக்குத் தெரிகிறது.

புதுப்பயணி:

சரி, இப்படிச் செய்யப்போகிறேன்: கிட்ட ஊர்கள் பெரியதிலிருந்து, தூர ஊர் சின்னதிலிருந்து ஒரே டிக்கெட்டில், நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம். கார்டுக்கு இப்போதைக்கு எதையும் வளைக்கவில்லை, தூர ஊருக்குப் போகும் ஏர்லைனின் கூட்டணியில் ஒரு கணக்கு மட்டும் திறந்து வைக்கிறேன். பயண விதியைக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், பதினோரு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், படித்துவிட்டு வருகிறேன்.