ஸ்க்ரீம் தமிழ் சப்டைட்டில்: மூணு இடத்தில் யோசனை வேணும்

ஸ்க்ரீம், முகமூடிக் கொலையாளி யார் என்று கடைசிவரை மறைக்கும் ஹாலிவுட் திகில் தொடர். 7ஆம் பாகம் பார்ப்பவர்களுக்காக முந்தைய ஆறு படங்களுக்கும் (1996–2023) தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். டைமிங் முடிந்தது.

பெரிய தலைவலி வினைமுற்று. ஆங்கிலத்தில் 'கில்லர்' என்று சொல்லிவிட்டு ஆணா பெண்ணா என்பதை மறைக்கலாம். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று எழுதினாலே பாதி சந்தேகப் பட்டியல் காலி. 'வந்தது யாரு?', 'கொலை செஞ்சது யாரு?' என்று ஓரளவு சமாளித்தாச்சு. ஆனால் நண்பர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சந்தேகப்படும் நீளமான காட்சிகளில் இது செயற்கையாக இருக்கிறது. எல்லா இடத்திலும் 'அவன்' என்றே போட்டுவிடலாமா? வழக்கில் பொதுவாக அப்படித்தானே பேசுகிறோம்?

அடுத்து, 3ஆம் பாகம் (2000). யார் குரலிலும் பேசும் கருவி கொலையாளி கையில். யார் குரலில் கேட்கிறதோ அவர் பெயரைப் போட்டால் பொய், கோஸ்ட்ஃபேஸ் (முகமூடிக் கொலையாளியின் பெயர்) என்று போட்டால் சஸ்பென்ஸ் போச்சு. இப்போதைக்கு 'போனில்' என்று மட்டும் இருக்கிறது.

4ஆம் பாகத் (2011) தொடக்கத்தில் 'ஸ்டாப்' (Stab, ஸ்க்ரீம் கதைக்குள்ளேயே வரும் கற்பனைப் படத் தொடர்) படத்துக்குள் இன்னொரு 'ஸ்டாப்'. சாய்வெழுத்து ஒரு அடுக்குக்குத்தான் உதவும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினால் அந்த ஏமாற்றே கெட்டுவிடும் என்பது என் எண்ணம். சப்டைட்டில் போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். பதிலில் கொலையாளி பெயர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.