மோட்டாரை நிறுத்தினா ‘டம்’: என்.ஆர்.வி (தண்ணியைத் திரும்ப விடாத வால்வு) மாத்தணுமா, கழுவினா போதுமா?

மஞ்சக்குப்பம் (கேக்கறவர்; இங்க எல்லாமே புனைபெயர்): போர்வெல் 180 அடி, தண்ணி 60 அடியில். 1 எச்பி சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ள முங்கி ஓடுற பம்பு), ஒரு இஞ்ச் பிவிசி, ரெண்டு மாடிக்கு மேல டேங்க். போர் வாயில் பித்தளை என்.ஆர்.வி. சுவிட்சை அணைச்சதும் சுவரே அதிருது. பிளம்பர் லைனையே மாத்தச் சொல்றார். கையில் ஆயிரம் ரூபாய்தான்.

ரிஞ்சு: லைனைத் தொடாதீங்க. உங்க வால்வு தகடு ஆடுற வகை. மோட்டார் நின்னதும் தண்ணி ஒரு கணம் நின்னு கீழே திரும்புது, அப்புறம்தான் தகடு வந்து அறையுது. திரும்புற வேகம் நொடிக்கு அரை மீட்டர்னாலே பிவிசியில் சதுர செ.மீ.க்கு சுமார் 2 கிலோ அழுத்தம் திடீர்னு ஏறும். ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பா இருந்தா 6 கிலோவுக்கு மேல. ஸ்பிரிங் வகை, தண்ணி திரும்பறதுக்குள்ளேயே மூடிடும். அதைப் போடுங்க.

உப்புக்காத்து: உடனே கடைக்கா? முதல்ல திறந்து பாருங்க சார். மெயினை அணைச்சு, யூனியனை (பைப்பைப் பிரிக்கிற இணைப்பு) கழட்டுங்க. டெலிவரி பைப் டேங்குக்கு மேலேருந்து கொட்டுதுன்னா, 10 மீட்டர் பைப்பில் 5 லிட்டர் சொச்சம்தான் வரும், ஒரு பக்கெட் போதும். டேங்கின் அடியில் சேர்ந்திருந்தா டேங்கே காலியாகும், கேட் வால்வை மூடிட்டுத் தொடுங்க. வால்வு உடம்பை ஒரு ரிஞ்சில் (ஸ்பேனர்) பிடிச்சு, மூடியை இன்னொண்ணில் திருகுங்க. ஒரே ரிஞ்சில் திருகினா பிவிசி மரை உடையும். தகட்டுக்கு அடியில் மணல், உப்புப் படிவு இருந்தா வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவச்சுத் தேய்ங்க.

ரிஞ்சு: கழுவலாம், தப்பில்லை. ஆனா தகட்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னா அதைப் பிடிச்சிருக்கிற பின் தேஞ்சிருக்கு, எத்தனை தடவை கழுவினாலும் அறையும்.

உப்புக்காத்து: உங்க ஸ்பிரிங் மட்டும் உப்புத்தண்ணியில் தேயாதா? சாதா கம்பின்னா துரு பிடிச்சு அறுந்துடும். அதுக்குப் பதிலா டி (மூணு வாய் இணைப்பு) போட்டு ரெண்டடி பைப்பை நட்டு, மேல மூடி வச்சா காத்து அடியைத் தாங்கிக்கும்.

ரிஞ்சு: எத்தனை நாளைக்கு? காத்து தண்ணியில் கரைஞ்சு, அந்தப் பைப்பும் நிரம்பிடும். அப்பப்ப வடிக்கலைன்னா அது வெறும் அலங்காரம். ஸ்பிரிங் எஸ்எஸ் 316-ஆன்னு (உப்பை நல்லாத் தாங்குற துருப்பிடிக்காத எஃகு) கேட்டு வாங்குங்க.

முதுநகர்: ரெண்டு பேரும் கேக்காததை நான் கேக்கறேன். போடும்போதும் சத்தம் வருதா?

மஞ்சக்குப்பம்: காலையில் முதல் தடவை போட்டா வருது. நிறுத்திட்டு ரெண்டு நிமிஷத்தில் மறுபடி போட்டா இல்லை.

முதுநகர்: அப்ப மேல் வால்வு மட்டும் காரணம் இல்லை. சப்மெர்சிபிள் தலையிலேயே ஒரு என்.ஆர்.வி இருக்கும், அது மெல்லக் கசியுது. ராத்திரி முழுக்க தண்ணி இறங்கி, மேல் வால்வுக்குக் கீழே வெற்றிடம் விழுது. காலையில் பம்பு தள்ளுற தண்ணி அதுக்குள்ள பாஞ்சு மூடின தகட்டில் மோதுது. நீர்மட்டம் 30 அடிக்குள்ள இருந்தா இப்படி வராது, காத்தழுத்தமே தண்ணியைத் தாங்கிடும். உங்களுக்கு 60.

ரிஞ்சு: அப்ப மேல் தகட்டையே எடுத்துடலாமே?

உப்புக்காத்து: வேண்டாம் அண்ணே. பைப் முழுக்க வடிஞ்சு, தினமும் எதிர்ப்பில்லாம பம்பு கிளம்பும். இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) மேலே தூக்கி உரசும்.

முதுநகர்: சரியாச் சொன்னீங்க. தகட்டில் 3 மி.மீ. துளை ஒண்ணு போடுங்க. மேல இருக்கிற தண்ணி மெல்ல இறங்கி வெற்றிடத்தை அடைச்சுடும், காலைச் சத்தம் போயிடும். பைப்பும் ராத்திரியில் வடியும், எவ்வளவுங்கறது கீழ் வால்வு கசியறதைப் பொறுத்தது. கீழ் வால்வை மாத்தறது பம்பைத் தூக்குற அன்னைக்கு. நிறுத்தும்போது வர்ற சத்தத்துக்கு ரிஞ்சு சொன்ன பின்னைப் பாருங்க, ஆடினா மட்டும் ஸ்பிரிங் வாங்குங்க, அதிலும் அதே துளை. அம்புக்குறி மேல் நோக்கி இருக்கணும். டெஃப்லான் டேப் மரை சுத்துற திசையிலேயே எட்டு சுத்து. பைப்பை நாலடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுச் சுவரில் இறுக்குங்க, பாதி அதிர்வு அங்கேயே அடங்கும்.

மஞ்சக்குப்பம்: திறந்துட்டேன். பின் ஆடலை, தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்பூன் மணல். துளை நடுவிலேயா, ஓரத்திலேயா?

முதுநகர்: நடுவில். ஓரத்தில் ரப்பர் உக்காருது.