புதுப்பிப்பு: தேர்வை விட்டுத் தேனீப் பெட்டிகளுக்கு

மூன்றாண்டுகள் அரசுப் பணித் தேர்வெழுதித் தோற்றவன் தேனீ வளர்க்கப் போனால் அது தோல்வியா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். 'இன்னொரு முறை எழுது' என்றே பெரும்பாலோர் சொன்னீர்கள். எழுதினேன், தேறவில்லை.

அதன்பின் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் மாமாவிடம் 20 பெட்டிகள் வாங்கி, குலசேகரம் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்தேன். இலையுதிர்ந்த ரப்பர் மரம் ஆண்டின் தொடக்கத்தில் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்துச் சுரப்பிகளில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் உறிஞ்சுகின்றன என்பதை, தளிரைத் தொட்டு விரல் பிசுபிசுத்தபோதுதான் நம்பினேன். (எந்தத் தேர்விலும் இதை என்னிடம் கேட்டதில்லை.) 4 பெட்டிகளில் தேனீக்கள் ஓடிவிட்டன, மற்றவை செலவை ஈடுகட்டி, கையிலும் கொஞ்சம் நின்றது.

2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில், படித்தவன் அரசு வேலைக்கோ வளைகுடாவுக்கோ போகாமல் ஊரில் நின்றால் அவனிடம் ஏதோ குறை என்றே நினைக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா, 'வேலை ஏதும் ஆச்சா மக்கா?' என்று கேட்க, நான் வாய்திறக்குமுன் அம்மா, 'தேன் பெட்டி வச்சிருக்கான்' என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் முன்பு 'படிச்சிட்டு இருக்கான்' என்று சொல்கையில் குனிந்த தலை இம்முறை குனியவில்லை. பெரியப்பா சற்று யோசித்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேட்டார்.

மழைக்காலத்தில் பெட்டிகளுக்குச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். 30 ஆக்குவதா என்பதை அதன்பின் முடிவு செய்வேன்.