கப்பல் ஜன்னல் கண்ணாடில டெலஸ்கோப் மிரர் தேய்க்கலாமா? உள்ள குமிழி கிடக்கு

குளச்சல்காரன்:
அண்ணன்மாரே, இஞ்ச ஒரு பழைய இரும்புக் கடையில கப்பல் ஜன்னல் கண்ணாடி ஒண்ணு கிடைச்சிருக்கு, வட்டமாட்டு 6 இஞ்ச், கனம் ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் குறைவு. எஃப்/8 நியூட்டோனியனுக்கு (குழிக் கண்ணாடி வச்ச டெலஸ்கோப், குவியத்தூரம் மிரர் விட்டத்தப் போல எட்டு மடங்கு) மிரர் தேய்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. லைட்ல பிடிச்சா உள்ள ரெண்டு மூணு குமிழி தெரியுது, அதுல ஒண்ணு மேல்பரப்பு பக்கத்துலயே நிக்குது, ஓரமும் ஒரு இடத்துல பேந்திருக்கு. இத வச்சு தொடங்கலாமா, இல்ல பைரெக்ஸுக்கு (சூட்டுக்கு கொஞ்சமா விரியுற கண்ணாடி) காசு சேக்கட்டா?

கோட்டாறு வானம்:
குமிழிக்கு பயப்படாதீங்க தம்பி. லென்ஸ்னா வெளிச்சம் கண்ணாடிக்குள்ள பூந்து வெளிய வரணும், மிரர்ல முன்பக்கம் பூசுன அலுமினியத்துல பட்டு அப்படியே திரும்பிரும், உள்ள என்ன கிடந்தாலும் படத்துக்கு ஒண்ணும் ஆவாது. எஃப்/8க்கு நடுக்குழி 1.2 மி.மீ. தான் வரும், அதனால குமிழி மேல நிக்காத பக்கத்த முகமா எடுத்துக்கிடுங்க. ஒருவேளை தேய்க்கும்போது குமிழி வாய் திறந்துட்டா அதுதான் தலைவலி, 80 கிரிட் துகள் (தேய்க்கிற பொடி, நம்பர் கூடுனா நைசாவும்) குழிக்குள்ள ஒளிஞ்சு நின்னு 400, 600ல வெளிய வந்து நீளமா கோடு போட்டுரும். ஒவ்வொரு கிரிட் மாத்தும்போதும் பிரஷ் போட்டு குழிய நல்லாட்டு கழுவணும். ஓரத்த இப்பவே கார்போரண்டம் கல்லால சாய்ச்சு விடுங்க, இல்லன்னா இன்னும் பேந்து அந்த சில்லும் கீறும்.

மார்த்தாண்டம் அண்ணாச்சி:
அதெல்லாம் பொறவு, முதல்ல அது டெம்பர் பண்ண (சூடாக்கி சட்டுன்னு குளிர வச்சு உறுதியாக்குன) கண்ணாடியான்னு பாருங்க, கப்பல் ஜன்னல்ல அது நிறைய வரும். டெம்பர்ல மேல்பரப்பு அமுங்கியும் உள்பக்கம் இழுபட்டும் நிக்கும், ஒரு பக்கம் மட்டும் தேய்ச்சா அந்த சமநிலை போயிரும், வடிவம் நிக்காது, ஆழமா போனா மொத்தமா தெறிச்சும் போவலாம். எல்சிடி மானிட்டர்ல வெள்ளை ஸ்க்ரீன் வச்சு, போலராய்டு கூலிங்கிளாஸ கண்ணு முன்னால பிடிச்சு ஸ்க்ரீன் கருக்குற வரைக்கும் திருப்புங்க, நடுவுல கண்ணாடிய காட்டுங்க. ஒரே சீரா கருப்பா இருந்தா தைரியமா தொடங்குங்க. திட்டுத்திட்டா, வரிவரியா வெளிச்சம் தெரிஞ்சா தொடாதீங்க. டெலஸ்கோப் செய்றதுல பேர் போன அமெரிக்கர் ஜான் டாப்சன் கப்பல் ஜன்னல் கண்ணாடில தான் பெரிய மிரரெல்லாம் தேய்ச்சார், அதனால கப்பல் கண்ணாடின்னாலே ஆவாதுன்னு இல்ல.

குளச்சல்காரன்:
பாத்தாச்சு அண்ணாச்சி, பேந்த இடத்துல மட்டும் லேசா வெளுப்பு, மத்ததெல்லாம் கருப்பு தான்!! பாலிஷ் எப்படி, நம்ம ஊர் சூட்டுக்கு பிட்ச் (பாலிஷ் பண்ற தார் மாதிரி மெழுகு) தாங்குமா?

கோட்டாறு வானம்:
அருமை. பிட்ச் இளகுனா மிரரோட ஓரம் கவுந்துரும், எஃப்/8ல அந்த ஓரம்தான் சனிக்கோளோட வளையத்த மங்கலாக்கும், அதனால ரோசின் (பைன் மரப் பிசின்) கொஞ்சம் கூட்டி இறுக்கமா காய்ச்சுங்க, நகத்தால அமுக்குனா கஷ்டப்பட்டு தடம் விழணும். பாலிஷுக்கு சீரியம் ஆக்சைடு பவுடர் கடையில வாங்குங்க (நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல வர்ற மோனசைட் தாதுலயும் சீரியம் தான் நிறைய, நினைச்சாலே சந்தோஷமா இருக்கு). சாதா கண்ணாடி பைரெக்ஸ விட ஏறக்குறைய மூணு மடங்கு விரியும், பாலிஷ் பண்ணுன கையோட ஃபூக்கோ டெஸ்ட் (வெளிச்சத்தையும் கத்தி முனையையும் வச்சு மிரர் வடிவம் பாக்குறது) வச்சா பொய்தான் சொல்லும். சாயங்காலம் பாலிஷ் பண்ணி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னால டெஸ்ட் பண்ணுங்க. கோட்டிங் போடும்போது மேல பாதுகாப்புப் பூச்சும் சேத்து கேளுங்க, கடக்காத்து உப்புக்கு வெறும் அலுமினியம் தாங்காது.