அக்கித் தடுப்பூசி போட்டவர்கள் சொல்லுங்கள்: இரண்டாவது ஊசி உங்களை என்ன செய்தது?

செக்காலைக்காரர், காரைக்குடி

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது என்பதே நம் பக்கம் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "போட்டால் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாதாமே" என்று தள்ளிப்போடுகிறார்கள். நானும் வீட்டம்மாவும் ரெண்டு டோசும் முடித்துவிட்டோம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எனக்கு 63 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. போட்டது ஷிங்ரிக்ஸ். 2023-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. 50 தாண்டியவர்களுக்கு ரெண்டு டோஸ், நடுவில் 2 முதல் 6 மாதம் இடைவெளி.

முதல் ஊசிக்குக் கை வலித்தது, அவ்வளவுதான். மறுநாள் கொப்புடை அம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன்.

இரண்டாவது ஊசி வேறு கதை. காலையில் போட்டேன், சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்த பிறகு குளிர் எடுத்தது பாருங்கள்! சித்திரை மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கம்பளி கேட்டேன். காய்ச்சல் 101. ஒரு டோலோ போட்டுப் படுத்தேன். ஊசி போட்ட இடம் வெள்ளைப் பணியாரம் அளவுக்குச் சிவந்து தடித்துவிட்டது, தொட்டால் சுட்டது. விடிந்ததும் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு முகப்பில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் சொன்னதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதற்கடுத்த நாள் மத்தியானம் பசி எடுத்தது, எல்லாம் சரியாகிவிட்டது. சிவப்பு மட்டும் ஒரு வாரம் கிடந்தது.

வீட்டம்மாவுக்கு நேர்மாறு. முதல் ஊசியில் தலைவலி, குமட்டல், ஒரு நாள் முழுக்கப் படுக்கை. "ரெண்டாவது வேண்டவே வேண்டாம்" என்றவரைத் தாஜா செய்துதான் கூட்டிப்போனேன். அதில் கைவலியோடு போயிற்று. யாருக்கு எது எப்படி அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது போலிருக்கிறது.


கோட்டையூர் ஆச்சி

பக்கவிளைவு, பக்கவிளைவு என்று பயப்படுகிறவர்கள் அக்கி வந்தவர் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் மாமியாருக்கு 74 வயதில் வந்தது. முதலில் வலது விலாவில் எரிச்சல் மட்டும்தான். தண்ணீர்க் குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாள் கழித்துத்தான் முதுகிலிருந்து மார்புக்கு அடியில் வரை, அதே வலது பக்கமாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. உடனே மண்பானை செய்கிற வேளாரை வரச்சொல்லி, கொப்புளத்தின்மேல் அக்கி எழுதினார்கள். செங்காவியைக் குழைத்து அவர் எழுதும்போது அந்தக் குளிர்ச்சி இதமாகத்தான் இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். முதுகைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது பெரிசாப் படருது, டாக்டர்கிட்டயும் ஒரு எட்டுக் காட்டிருங்க" என்று சொன்னதே அவர்தான். மாமியார் கேட்டால்தானே! எழுதி முடிந்து காய்ந்தால் போய்விடும் என்று பிடிவாதம்.

டாக்டரிடம் போனபோது ஒரு வாரம் ஓடிவிட்டது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையை ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும் என்றார். புண் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை. வருஷம் தாண்டியும் ரவிக்கை போட முடியாது, சீலைத் தலைப்பு உரசினாலே "அம்மா" என்பார்கள், ஃபேன் காற்றுகூட ஆகாது. நரம்பு வலிக்குப் பிரகாபலின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் தலை கிறுகிறுவென்று வந்து, வீட்டின் ரெண்டாம் கட்டிலிருந்து முற்றத்து வளவுக்கு வருவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அக்கி ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றில்லையாம். வந்து ஆறியவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மாமியார் தானாகவே கையை நீட்டினார். மறுநாள் கை வீங்கியிருந்ததைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டேன். "போடி, இதெல்லாம் ஒரு வலியா" என்றார்கள்.

எனக்கு ரெண்டாவது டோசில் காய்ச்சலோடு அக்குளில் நெறி கட்டிவிட்டது. பயந்துதான் போனேன். அந்தக் கைப்பக்கம் அப்படிக் கட்டுவது உண்டு, தானே வற்றிவிடும் என்றார் டாக்டர். வற்றிவிட்டது.


தேவகோட்டை நடையன்

சுருக்கமாகச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்கள் கிளம்புகிற வாரத்தில் இரண்டாவது ஊசியை வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்படித்தான் தேதி விழுந்தது. 6 மாதம் வரை அவகாசம் இருக்கிறதே என்று டாக்டரிடம் சொல்லி, போய்விட்டு வந்து மாசியில் போட்டேன். உடம்பு வலி ஒன்றரை நாள் இருந்தது. அந்த வலியோடு குன்றக்குடியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.


புதுவயல் சந்தேகப்பிராணி

எல்லாரும் பெருமையாக எழுதுகிறீர்கள். ஒரு டோஸ் பத்தாயிரத்துக்கு மேல். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு என்றால் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் கிடையாது, என் இன்சூரன்சிலும் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கிற தம்பி, அங்கே 2025 செப்டம்பரிலிருந்து அரசாங்கமே மானியம் கொடுக்கிறது என்கிறான். இங்கே பென்ஷன்காரன் என்ன செய்வான்?

இன்னொன்று. எனக்குச் சின்னப் பிள்ளையில் அம்மை போட்டு, வேப்பிலை விரித்துப் படுக்கவைத்து, மூணு தண்ணி ஊற்றியாயிற்று. ஒருமுறை வந்தவனுக்கு எதிர்ப்பு சக்தி இருக்குமே, அப்புறம் எதற்கு ஊசி?


கண்டனூர் சிஸ்டர் (ஓய்வு)

அண்ணே, அம்மை வந்ததால்தான் அக்கியே வருகிறது. சின்னம்மை இறங்கினாலும் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் ஒளிந்துகொள்கிறது. வயதாகி, அல்லது ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து என்று எடுத்து எதிர்ப்பு சக்தி இறங்கும்போது, அந்த ஒரு நரம்பின் வழியாக வெளியே வருகிறது. ஆச்சியின் மாமியாருக்கு வலது பக்கம் மட்டும் பட்டையாக வந்ததற்கு அதுதான் காரணம். கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். முன்பு வெளிநாடுகளில் இருந்த சோஸ்டாவாக்ஸ் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது, அதை அவர்களுக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் 2020-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஷிங்ரிக்சில் இருப்பது கிருமியின் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம். தனியாகப் போட்டால் உடம்பு அதைச் சட்டை செய்யாது என்பதால், தூண்டிவிட ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கிற சத்தும் உண்டு. கை வீங்குவதும் குளிர் எடுப்பதும் பெரும்பாலும் அந்தத் தூண்டலின் வேலை.

பெரிய ஆய்வுகளில் நூற்றுக்கு 78 பேருக்குக் கைவலி, 45 பேருக்கு உடம்புவலி, 21 பேருக்குக் காய்ச்சல். பெரும்பாலும் ரெண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பலன் என்று பார்த்தால் 50 தாண்டியவர்களுக்கு 97 சதவீதம், 70 தாண்டியவர்களுக்கும் 91 சதவீதம் பாதுகாப்புக் கிடைத்தது. நான் பணியில் இருந்த காலத்தில் பெரியவர்களுக்கான ஊசிகளில் இந்த அளவு பலனைப் பார்த்த ஞாபகம் இல்லை.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கில்லன் பாரே என்ற, நரம்பைத் தாக்கிக் கைகால் பலத்தைக் குறைக்கிற நோய் மிக அரிதாக வரலாம் என்று 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்ட 10 லட்சம் ஊசிகளுக்கு 3 முதல் 6 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. ஊசி போட்டபின் வரும் வாரங்களில் கால் மரத்து, பலம் குறைந்து, அது மேலே ஏறுகிறது என்றால் வீட்டில் உட்காராதீர்கள். முதல் ஊசிக்கு மூச்சுத் திணறல், முகவீக்கம் மாதிரி கடுமையான அலர்ஜி வந்திருந்தால் இரண்டாவது கூடவே கூடாது. வெறும் காய்ச்சலும் கைவலியும் வந்தது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

பணம் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் சொல்வது நியாயம்தான்.


பள்ளத்தூர்

சிஸ்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கடைகளில் இருப்பு வைப்பதில்லை, சொல்லி வைத்துத்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு மருந்துக்கடையில் பெட்டியை நேரடியாக ஐஸ்மேல் வைத்துப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் வாங்கிப் பார்த்தவர் போட மாட்டேன் என்றுவிட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதானாம். கடைக்காரரோ அது உறையவே இல்லை என்று சாதித்தார். மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊசி போடுகிற இடத்திலேயே வரவழைக்கச் சொல்லுங்கள். பொடியும் அதைக் கலக்குகிற திரவமும் தனித்தனிக் குப்பிகளில் இருக்கும், உங்கள் முன்னால் கலக்கச் சொல்லிப் பாருங்கள்.

பக்கவிளைவா? ரெண்டு டோசிலும் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால் ஊசி வேலை செய்யவில்லையோ என்று ஒரு கவலை.


கண்டனூர் சிஸ்டர் (ஓய்வு)

அப்படி அர்த்தமில்லை. காய்ச்சல் வராதவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி வரும். நிம்மதியாக இருங்கள்.


புதுவயல் சந்தேகப்பிராணி

சரி, கேட்டுக்கொண்டேன். நாற்பதாயிரம் ஒரே மூச்சில் முடியாது. எனக்குச் சர்க்கரை இல்லை, வீட்டில் அவளுக்கு உண்டு, ஸ்டீராய்டும் எடுக்கிறாள். முதலில் அவளுக்கு ரெண்டையும் போட்டுவிட்டு, எனக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஆடிக்கு மகள் வருகிறாள், அதற்கு முன்னா பின்னா?


கோட்டையூர் ஆச்சி

மகள் வந்த பிறகு போடுங்கள். ஊசி போட்ட மறுநாள் உங்கள் வீட்டம்மா கையைத் தூக்கிக் கரண்டி பிடிக்க மாட்டார், நீங்கள் வைக்கிற கஞ்சியைக் குடிப்பதற்குக் காய்ச்சலே பரவாயில்லை என்றிருக்கும்.