டிரஸ்டிகள் மலையேறி வந்தபோது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோத்தகிரியிலிருந்து (பதிவைத் தொடங்கியவர்):

நிதி கொடுக்கும் டிரஸ்ட்களிலிருந்து நம் ஊர்களுக்கு வருவது பெரும்பாலும் அலுவலகத்து ஆட்கள்தான். திட்ட அலுவலர் வருவார், கணக்குப் பார்ப்பவர் வருவார், ஒரு வேனில் பயிற்சியாளர்கள் வருவார்கள். பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் டிரஸ்டிகளே நேரில் வருவது அபூர்வம். அப்படி வந்தவர்களை, அல்லது நீங்கள் போய்ப் பார்த்தவர்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதலாம். டிரஸ்ட் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். கோத்தகிரிக்குக் கீழே குரும்பர், இருளர் ஊர்களில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் சின்னச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் விண்ணப்பித்திருந்த சென்னை டிரஸ்ட்டிலிருந்து மூன்று டிரஸ்டிகள் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து காரில் ஏறி வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், ஒருவர் ஆடிட்டர். மூன்றாமவர் டிரஸ்ட்டை நிறுவிய குடும்பத்து அம்மா.

பேராசிரியர் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று வழக்கமானதைக் கேட்டார். அந்த அம்மா கேட்டது வேறு. "ஆறரைக்கு வகுப்பு முடிந்தால் இருட்டிவிடுமே, பிள்ளைகளை யார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது?" இங்கே தேயிலைத் தோட்டத்துக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு முன்னால் நடப்பார், சம்பளம் கிடையாது. அவர்கள் கொடுத்த விண்ணப்பப் படிவத்தில் ஆசிரியர் மதிப்பூதியம், புத்தகம், வாடகை என்று கட்டங்கள் உண்டு. துணைக்கு நடக்கிறவருக்குக் கட்டம் இல்லை. "அதைச் சேர்த்து எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் கரடி கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடிட்டர் மட்டும் மேசையை விட்டு எழவில்லை. அவர் பிடித்தது ஜீப் வாடகை. மலையில் எந்த ஜீப்காரர் பில் கொடுக்கிறார்? நாங்கள் வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்போம். அவர் திட்டவில்லை. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள், வண்டி எண்ணும் எங்கிருந்து எங்கே என்பதும் எழுதுங்கள் என்றார். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் வருமான வரியில் அதை அறச்செலவாக ஏற்க மாட்டார்கள் என்றும் சொன்னார். இத்தனை வருடக் கணக்கில் யாரும் எங்களுக்கு இப்படி உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை.

கிளம்பும்போது, "கிடைக்குமா மேடம்?" என்று கேட்டேன். "நான் ஒருத்தி சொல்ல முடியாதும்மா, கூட்டத்தில் வைக்கணும்" என்றார். தட்டிக்கழிக்கிற பேச்சாகத்தான் அப்போது பட்டது. சரி, மற்றவர்கள் எழுதுங்கள்.

தாண்டிக்குடியிலிருந்து:

உங்களுக்கு நல்ல டிரஸ்டிகள் அமைந்திருக்கிறார்கள் அக்கா. எங்கள் கதையைக் கேளுங்கள். கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் போடும் சிறு விவசாயிகள் குழு நாங்கள். பக்கத்தில் பளியர் குடியிருப்பு ஒன்றுக்கு சோலார் விளக்கு கேட்டு ஒரு டிரஸ்ட்டுக்கு எழுதினோம். டிரஸ்டி ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல் சுற்றுலா வந்தவர், திரும்பும் வழியில் பண்ணைக்காடு பிரிவில் வண்டியைத் திருப்பி எங்களையும் பார்த்துவிட்டுப் போனார். அதில் தப்பில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி, பளியர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைக்கச் சொல்லி, வந்தது மதியம் இரண்டுக்கு. ஃபிளெக்ஸ் போர்டில் அவர் படம் சின்னதாக இருக்கிறதாம், அதற்கு ஒரு முகச்சுளிப்பு வேறு.

அதைக்கூட விட்டுவிடலாம். நிதி ஒப்புதல் ஆன பிறகு போன் வந்தது. விளக்கை இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். விசாரித்தால் அது அவருடைய மைத்துனர் கடை. வத்தலக்குண்டில் விசாரித்த விலையைவிட அங்கே கணிசமாக அதிகம். எங்கள் தலைவர் வாங்க மாட்டேன் என்றார், பணமும் வரவில்லை. விளக்கு அப்புறம் வேறு வழியில் வந்தது என்பது தனிக் கதை. இப்படிச் செய்ய டிரஸ்டிக்கு உரிமை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து (முன்னாள் டிரஸ்டி):

உரிமை இல்லை தம்பி. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சின்னக் குடும்ப டிரஸ்ட்டில் சில வருடம் டிரஸ்டியாக இருந்தவன். மேசையின் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மைத்துனர் கதை. அறக்கட்டளைப் பணத்திலிருந்து டிரஸ்டிக்கோ அவருடைய சொந்தக்காரருக்கோ ஆதாயம் போனால், வருமான வரிச் சட்டப்படி டிரஸ்ட்டின் வரிவிலக்கே ஆட்டம் காணும். ஆகவே மற்ற டிரஸ்டிகளுக்கு இது தெரிந்தால் முதலில் பதறுபவர்கள் அவர்கள்தான். இந்த மாதிரி விஷயத்தை ஒருவரிடம் போனில் சண்டை போடாமல், விலைப்பட்டியலை இணைத்து எல்லா டிரஸ்டிகளுக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். பொது அறக்கட்டளை என்றால் பத்திரம் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும், நகல் கேட்டுப் பாருங்கள். டிரஸ்டிகள் யார் யார், டிரஸ்ட் எதற்காக ஏற்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். ரொம்ப மோசமாகப் போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92வது பிரிவில், அந்த அறத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போடலாம். டிரஸ்டியை நீக்கக்கூட அதில் கேட்கலாம். மகாராஷ்டிரம் போல அறக்கட்டளை ஆணையர் அலுவலகம் இங்கே இல்லாததால், கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி அம்மாவுக்கு அந்தம்மாள் சொன்னது தட்டிக்கழிப்பு இல்லை. பணம் டிரஸ்டி கையில் இருந்தாலும் அவருடைய பணம் கிடையாது. எப்போதோ ஒருவர் எழுதி வைத்த பத்திரம் சொல்கிறபடிதான் கொடுக்க முடியும், அதையும் பத்திரம் சொல்லும் எண்ணிக்கைக்குக் குறையாமல் டிரஸ்டிகள் கூடிக் கூட்டம் போட்டு, மினிட்ஸ் எழுதித்தான். முடிவெடுக்கும் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிடவும் முடியாது. எங்கள் டிரஸ்ட்டில், ஊர் பார்க்கப் போன இடத்தில் யாரும் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பத்திரம் பழசு. "நீலகிரியிலுள்ள ஏழைக் காசநோயாளிகளின் உணவுக்கும் மருந்துக்கும்" என்று எழுதியிருந்தார்கள். இப்போது காசநோய் மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. 2018 முதல் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் நோயாளியின் கணக்கிலேயே போட்டார்கள், பிறகு அதை 1,000 ஆக்கினார்கள். அப்புறம் எங்கள் வட்டிப் பணம் எதற்கு? பள்ளிக்கூடம் கேட்டு வந்தவர்களை எல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். கல்மனசுக்காரர்கள் என்று எங்களைத் திட்டியிருப்பார்கள். நோக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும். ஒரு டிரஸ்டி, வயதில் எல்லோருக்கும் மூத்தவர், ஒரு வழி சொன்னார். உணவு என்றுதானே இருக்கிறது, நோயாளி வேலைக்குப் போக முடியாத மாதங்களில் வீட்டில் எல்லோரும்தானே பட்டினி, அரிசியும் பருப்பும் முட்டையும் குடும்பத்துக்கே கொடுப்போம் என்றார். வழக்கறிஞரைக் கேட்டோம், சரி என்றார். மஞ்சூர், குந்தா பக்கம் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு அப்படித்தான் கொடுத்தோம்.

பத்திரத்தை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார் கதையைத்தான் எங்கள் கூட்டத்தில் அடிக்கடி சொல்வோம். மனிதர் 1794இல் இறந்தார். அறத்துக்கென்று அவர் உயிலில் எழுதிய பணம் உயிலின்படி செலவாகாமல், வழக்கு வழக்காக அலைந்து, 1842இல்தான் பள்ளிக்கூடமாயிற்று.

கூடலூரிலிருந்து:

எனக்கு நடந்தது போனில்தான், ஆனாலும் எழுதுகிறேன். பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய்க்குச் சோதனை செய்கிற சுகாதாரக் குழுவில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய இந்திய டிரஸ்ட்டுக்குப் பணம் வரும், அவர்கள் அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்னக் குழுக்களுக்குப் பிரித்துத் தருவார்கள். 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நன்கொடையை வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவே கூடாது என்றாகிவிட்டது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்ததும் 20 ஆகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் பெற நாங்களே அந்தச் சட்டத்தில் பதிவு வாங்கலாம் என்றால், மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். எங்கள் குழு அந்த அளவு இல்லை.

இப்படிப்பட்ட செய்தி வழக்கமாக மின்னஞ்சலில் இரண்டு வரியில் வரும். எங்களை அந்த டிரஸ்ட்டின் மூத்த டிரஸ்டியே கூப்பிட்டார். சட்டம் என்ன சொல்கிறது, ஏன் இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எனக்குக் கோபம். கொரோனா நேரம், சோதனைக்கு வரவேண்டிய பிள்ளைகள் வீட்டில், ஆய்வகப் பெண்ணுக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பது என்று கத்தியே விட்டேன். கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, உள்நாட்டுப் பணம் மட்டும் வைத்திருக்கும் இரண்டு டிரஸ்ட்களின் டிரஸ்டிகளுக்கு எங்களைப் பற்றித் தன் கையால் எழுதிய கடிதத்தின் நகல் வந்தது. அதில் ஒன்று பலித்தது. இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

வில்பட்டியிலிருந்து:

நான் டிரஸ்ட் உதவித்தொகையில் படித்தவள். மதுரையில் நேர்காணல். ஐந்து டிரஸ்டிகளும் ஆங்கிலத்தில் கேட்டார்கள், எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். பூண்டு போடுகிறார் என்று தமிழிலேயே சொன்னேன். கடைசியில் இருந்த ஒருவர், "மலைப்பூண்டா? விதைப்பூண்டு என்ன விலை இந்த வருஷம்?" என்று கேட்டாரே பார்க்கணும்! அப்புறம் எல்லாம் தமிழ்தான். 2019இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயம், அவருக்கு ஒரு கிலோ அனுப்பலாமா என்று அப்பா கேட்டார். டிரஸ்டி வாங்க மாட்டார் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மஞ்சூரிலிருந்து:

எல்லோரும் இவ்வளவு நல்லதாகவே எழுதினால் எப்படி? என் அனுபவத்தில் டிரஸ்டிகளுக்கு நம் மலையின் பருவம் தெரிவதே இல்லை. சோலை மரக்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறோம். வருடம் பூராவும் சத்தம் இல்லாமல் இருந்துவிட்டு, பிப்ரவரியில் போன் வரும். டிரஸ்டிகள் பார்வையிட வருகிறார்கள், பணம் தயார், மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுங்கள். பிப்ரவரியில் இங்கே காலையில் புல் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் கன்று நட்டால் கருகிப் போகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகுதான் நட வேண்டும். வந்தவர்களில் ஒருவர் பனியைப் பார்த்து ஆகா என்று படம் எடுத்துக்கொண்டே, ஏன் இன்னும் நடவில்லை என்று கேட்டார். என்ன சொல்ல?

குன்னூரிலிருந்து:

மஞ்சூர்க்காரரே, கோபம் நியாயம்தான். காரணம் வருமான வரியின் 85 சதவீத விதி. டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் அறச்செலவு செய்தாக வேண்டும், இல்லையென்றால் மீதிக்கு வரி. அதனால்தான் பிப்ரவரியில் எல்லோருக்கும் தாராள மனசு வந்துவிடுகிறது. ஆனால் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. இன்ன நோக்கத்துக்காக எடுத்து வைக்கிறோம் என்று டிரஸ்டிகள் தீர்மானம் போட்டு, அதற்கென்று உள்ள படிவத்தை (எங்கள் காலத்தில் படிவம் 10) வருமான வரித்துறையில் தாக்கல் செய்தால், ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைத்துச் செலவழிக்கலாம். நான் இருந்த காலத்தில் அப்படிச் செய்திருக்கிறோம். சோம்பல்தான், வேறென்ன. தீர்மானம் எழுதி ஆடிட்டரிடம் பேசுவதைவிட உங்களை அவசரப்படுத்துவது சுலபம்.

நடவு ஜூனில் என்பதையும், அந்தப் படிவம் பற்றியும் ஒரு பக்கத்தில் எழுதி, ஜனவரிக் கூட்டத்துக்கு முன்பே எல்லா டிரஸ்டிகளுக்கும் அனுப்புங்கள். திட்ட அலுவலர் மூலமாக மட்டும் போனால், மேசையில் ஏறாமலே போகலாம்.

மஞ்சூரிலிருந்து:

சரி சார், எழுதுகிறேன். தமிழில் அனுப்பினால் மதிப்பார்களா?

குன்னூரிலிருந்து:

தாராளமாக. எங்களுக்கு வந்த தமிழ்க் கடிதங்களைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வைப்போம், ஆங்கில அறிக்கையைப் புரட்டித் தள்ளுகிற மாதிரி அதைத் தள்ள முடியாது. கீழே கையெழுத்தோடு தொலைபேசி எண்ணும் போடுங்கள். உறைபனியில் கருகிய கன்றின் படம் இருந்தால் ஒன்று வைத்து அனுப்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

தாண்டிக்குடி தம்பி, அந்த விலைப்பட்டியல் கையில் இருக்கிறதா? இருந்தால் இன்னும் தாமதமில்லை, எழுதி அனுப்புங்கள். எங்கள் நிதி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டார்ச்சோடு நடக்கும் பெரியவருக்கு மாத மதிப்பூதியம் சேர்ந்தே வந்திருக்கிறது. அவர் இப்போது கேட்பது நல்ல பேட்டரி.