புதுப்பிப்பு: 'புட் ஆஃப்' என்றால் ரத்தா, தள்ளிவைப்பா?

'த மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்ற மின்னஞ்சலுக்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. தள்ளிவைப்புதான், புதிய தேதியும் வந்துவிட்டது. ரத்து என்றால் 'கால்ட் ஆஃப்' என்று எழுதியிருப்பார்கள்.

குழப்பத்தைத் தீர்த்தது, பின்னால் 'டில்' சேர்த்துப் பார்க்கச் சொன்ன யோசனை. 'புட் ஆஃப் டில் ஃப்ரைடே' பொருந்தும், 'கால்ட் ஆஃப் டில் ஃப்ரைடே' இடறும்.

நாமே எழுதும்போது சறுக்குவது வேறு இடத்தில். 'இட்', 'தெம்' போன்றவை நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' தவறு. 'த மீட்டிங்' போன்ற பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். தொடர்ந்து வினை வந்தால் 'இங்' வடிவம் வேண்டும்: 'புட் ஆஃப் கோயிங்'. 'டு கோ' கூடாது. நாம் 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்கிறோமே, அந்தப் 'போவதை' இருக்கும் இடம்தான் அது. இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது. காலத்தைச் சூழலை வைத்தே அறிய வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: தள்ளப்படுவது ஆளாக இருந்தால் பெரும்பாலும் பொருளே வேறு. 'த ஸ்மெல் புட் மி ஆஃப்' என்றால் அந்த நாற்றம் முகம் சுளிக்க வைத்தது என்று அர்த்தம்.